ஏரிக்கரையில் இரண்டு நாள்

சென்னைப் பட்டணத்தில் குடியிருப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு வியாதி காண்கிறது. வைத்திய சாஸ்திரத்தில் அதற்குப் பெயர் கிடையாது. "எங்கேயாவது போய்விட்டு வந்தால் தேவலை" என்று மனைவி சொல்வதும், "எங்கே போவது?" என்று கணவன் கேட்பதும், குழந்தைகள் ஏககாலத்தில் நான்கு ஊர்களின் பெயரைச் சொல்லிச் சண்டையிடுவதும் அதன் அறிகுறிகள். பெரும்பாலான வீடுகளில் கடற்கரைக்குப் போய்ச் சுண்டல் தின்பதுடன் இந்த வியாதி தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் சென்ற தை மாதத்தில் அது முற்றிவிட்டது. காரணம், எங்கள் வக்கீல் நண்பர் கூடாரம் ஒன்று வாங்கியதுதான்.

மேல்நாட்டார் சனி ஞாயிறு வந்தால் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்றும், நாம் மட்டும் நாலு சுவருக்குள் அடைந்து கிடக்கிறோம் என்றும் அவர் ஒரு மாத காலமாக எனக்கு உபதேசம் செய்து வந்தார். வேடந்தாங்கலுக்கு மூன்று கிலோமீட்டர் இப்பால் அவருடைய கட்சிக்காரர் ஒருவருக்கு மாந்தோப்பு இருந்தது. அங்கே ஓர் இரவு தங்குவது என்று முடிவாயிற்று. இரண்டு மோட்டார் வண்டிகள், ஒன்பது பேர். அவர் வீட்டில் நால்வர். எங்கள் வீட்டில் என் தாயாரையும் சேர்த்து ஐவர். "கூடாரத்திலா படுத்துக்கொள்வது? நான் என்ன சர்க்கஸ்காரியா?" என்று கேட்ட என் தாயார்தான் எல்லோருக்கும் முன்னால் புளியோதரைப் பாத்திரத்துடன் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். தாம்பரம் வரையில் பட்டணம் நம்மைத் துரத்திக்கொண்டே வருகிறது. வண்டலூர் தாண்டிய பிறகும் அது முழுதும் விட்டுவிடுவதில்லை. செங்கற்பட்டுக்கு அருகில் கொளவாய் ஏரி கண்ணில் பட்ட பிறகுதான் வண்டிக்குள் இருப்பவர்கள் பேச்சை நிறுத்தி வெளியே பார்க்க ஆரம்பித்தார்கள். அப்புறம் பாலாற்றுப் பாலம். பாலாறு என்று பெயர் வைத்தவர்கள் எந்த வருஷத்தில் பார்த்து வைத்தார்களோ! நாங்கள் பார்த்தது கரைக்குக் கரை மணல். நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு நீரோட்டம்.

இந்த மணல்தான் இந்த ஜில்லாவின் சரித்திரம். வருஷம் முழுவதும் ஓடும் ஆறு இங்கே கிடையாது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாவிட்டால் சித்திரையில் குடிக்கவும் தண்ணீர் இராது. ஆகவே நம் முன்னோர்கள் சரிவு கண்ட இடமெல்லாம் மண்ணை வெட்டிக் கரை போட்டார்கள். வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல் என்று அதற்கு ஒரு தனிச் சாஸ்திரமே வகுத்தார்கள். ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக வழியும் நீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. மேல் ஊர்க்காரன் கால்வாயை அடைத்தால் கீழ் ஊர்க்காரன் வயல் காயும். எனவே ஏரி என்பது தண்ணீர் மட்டுமல்ல, ஊர்களுக்கிடையே ஓர் ஒப்பந்தமுங்கூட. செங்கற்பட்டை ஏரி ஜில்லா என்று சொல்வார்கள். அந்தப் பெயர் பொருத்தமானதென்பது மோட்டாரில் போகிறவனுக்கும் அரைமணி நேரத்தில் விளங்கிவிடும்.

மதுராந்தகத்தில் என் தாயாருக்காக இறங்கினோம். ஸ்ரீ ராமானுஜருக்குப் பெரிய நம்பிகள் பஞ்ச சம்ஸ்காரம் செய்துவைத்த ஸ்தலம் அது. ஆனால் ஊர் உலகத்துக்கு அது 'ஏரி காத்த ராமர்' கோயில். 1798-ல் பெருமழை பெய்து ஏரி உடையும் தறுவாயில் இருந்ததாம். கும்பினியின் கலெக்டர் லயனல் பிளேஸ் துரை இரவில் கரையைப் பார்க்கப் போனாராம். அங்கே கொட்டும் மழையில் கையில் வில்லேந்திய இரண்டு வாலிபர்கள் கரைமேல் காவல் நிற்பதைக் கண்டாராம். காலையில் பார்த்தால் கரை பத்திரமாக இருந்தது. துரை தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார். அந்தத் தர்மம் அவருடையது என்று கல்வெட்டும் இருக்கிறது.

"பார்த்தாயா, வெள்ளைக்காரனுக்குக்கூடத் தரிசனம் கிடைத்திருக்கிறது" என்றார் என் தாயார். எனக்கும் கதையில் பூரண நம்பிக்கைதான். ஆனால் அன்று இரவு கரையில் மண் மூட்டை சுமந்த கிராமத்து ஆட்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களுக்குக் கல்வெட்டு இல்லையே என்று ஓர் எண்ணம் வந்தது. கோயிலுக்குள் நின்றுகொண்டு தாயாரிடம் தர்க்கம் செய்வது உசிதமல்ல என்பதனால் சும்மா இருந்தேன்.

மாந்தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. கூடாரம் அடிக்கும் வைபவத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த சித்திரத்தில் ஒரு பெண்மணி புன்சிரிப்புடன் ஐந்தே நிமிஷத்தில் அதை நிறுத்தியிருந்தாள். நாங்கள் நான்கு ஆண்மக்கள், இரண்டு மணி நேரம் உழைத்தோம். கடைசியில் தோப்புக் காவல்காரர் வந்து, ஒன்றும் பேசாமல், ஒரு கயிற்றை அவிழ்த்து மாமரத்தில் கட்டினார். கூடாரம் நின்றது. புளியோதரையும் தயிர் சாதமும் தீர்ந்தன. பிற்பகல் மூன்றரை மணிக்கு ஏரிக்குக் கிளம்பினோம்.

வேடந்தாங்கல் ஏரி பெரிய ஏரியல்ல. மதுராந்தகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அது குட்டை மாதிரிகூடத் தோன்றும். மொத்தம் சுமார் 74 ஏக்கர்தான். தாங்கல் என்பதே சிற்றேரிக்குப் பெயர். வேடர்கள் இருந்த ஊர் என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். அப்படியானால் உலகத்திலேயே வேடர் பெயரைப் போட்டுக்கொண்டு பறவைகளைக் காப்பாற்றும் ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

தண்ணீருக்கு நடுவில் நீர்க்கடம்ப மரங்களும் கருவேல மரங்களும் நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தபோது மரமெல்லாம் வெள்ளைப் பூப் பூத்திருப்பதாக என் பெண் நினைத்தாள். கிட்டப் போனதும் பூக்கள் சிறகடித்தன. ஒவ்வொரு கிளையிலும் கூடுகள். ஒவ்வொரு கூட்டிலும் கழுத்தை நீட்டி அலறும் குஞ்சுகள். கூழைக்கடா தன் பெரிய பையைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளைமேல் இறங்குகிறது. கிளை தாங்குமா என்று நமக்குப் பயமாயிருக்கிறது, அதற்கு இல்லை. கரண்டிவாயன் அலகை இருபுறமும் வீசி நீரைத் துழாவுகிறது, கல்யாணச் சமையற்காரர் அண்டாவில் கரண்டி போடுவது போல. நத்தை குத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். அது நத்தை தின்பதற்கென்று ஏற்பட்ட வாய். பாம்புத்தாரா நீந்தும்போது உடம்பு முழுவதும் நீருக்குள் மறைந்து கழுத்து மட்டும் தெரிய, என் சம்சாரம் நிஜப் பாம்பென்றே நினைத்துக் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

சூரியன் சாயச் சாய வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் கூட்டங்கூட்டமாகப் பறவைகள் வந்து இறங்கின. பகலெல்லாம் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் இரை தேடிவிட்டு, குஞ்சுகளுக்கு உணவு கொண்டுவரும் தாய் தந்தையர் அவை. சென்னையில் ஆறு மணிக்கு மின்சார ரயிலிலிருந்து இறங்கும் கூட்டத்துக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இங்கே யாரும் யாரையும் இடிக்கவில்லை. எல்லாரும் வீடு திரும்பும் அந்த வேளையில் இராக்கொக்குகள் மட்டும் தங்கள் இரவு உத்தியோகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தன.

பக்கத்தில் நின்றிருந்த ஒரு கனவான், "இதெல்லாம் வெளிநாட்டுப் பறவைகள், ஆஸ்திரேலியாவிலிருந்து முட்டையிட வருகின்றன" என்று தம் குடும்பத்தாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இது நம் நாட்டில் எல்லோரும் செய்யும் பிழை. நல்லது எதைக் கண்டாலும் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடுகிறோம். இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரைகள், கூழைக்கடாக்கள், நீர்க்காகங்கள் எல்லாம் நம் தேசத்துப் பறவைகளே. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி முதலியவை மட்டும் குளிருக்குப் பயந்து மத்திய ஆசியா, சைபீரியா பக்கங்களிலிருந்து வந்து, விருந்தாளிகளைப் போல் சில மாதம் தங்கிவிட்டு, முட்டையிடுவதற்குத் தங்கள் சொந்த ஊருக்கே திரும்பிவிடும்.

இந்த ஏரியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் மறுபடி அந்த லயனல் பிளேஸ் துரையிடந்தான் வந்து சேருகிறார்கள். 1790-களில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டு, இனி யாரும் சுடக்கூடாது என்று 'கவுல்' என்னும் உறுதிப் பத்திரம் வாங்கிவந்தார்கள். பின்னர் 1858-ல் மறுபடியும் போய் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். 1936-ல் ஜில்லா அதிகாரிகள் இதைச் சரணாலயமாக அங்கீகரித்தார்கள். 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சரணாலய எல்லையாகக் குறிக்கப்பட்டது. 2022-ல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் நீர்நிலைகளின் பட்டியலிலும் சேர்ந்தது.

பத்திரம் கொடுத்த துரையின் பெயர் புஸ்தகங்களில் இருக்கிறது. கேட்கப் போனவர்களின் பெயர் இல்லை. துப்பாக்கி பிடித்தவனுடைய கலெக்டரிடமே போய், "எங்கள் பறவைகளைச் சுடாதே" என்று சொல்வதற்கு அந்தக் காலத்துக் குடியானவனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! அதில் சுயநலமும் உண்டு என்று சொல்வார்கள்; உண்டுதான். பறவைகளின் எச்சம் விழுந்து ஏரித் தண்ணீரே உரமாகிறது. அது மதகு வழியாக வயலுக்குப் பாயும்போது நெல் செழிக்கிறது. ஆனால் லாபம் தெரிந்தவர்கள் எல்லாம் இருநூறு வருஷத்துக்குமேல் ஒரு கட்டுப்பாட்டைக் காப்பாற்றிவிடுவதில்லை.

இருட்டியதும் தோப்புக்குத் திரும்பினோம். மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டி, என் தாயார் தலைமையில் உப்புமா கிளறப்பட்டது. பாதி ரவையும் பாதி புகையுமான அந்த உப்புமாவைப் போல் ருசியானதைச் சமீபத்தில் நான் சாப்பிட்டதில்லை. அப்போதுதான் நண்பரின் பிள்ளையும் என் பிள்ளையும் வண்டியின் பின்புறத்திலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தார்கள். தீபாவளிக்கு வாங்கி மிச்சமான பட்டாசு! கூடாரத்துக்கு முன்னால் வெடிப்பதற்கென்றே இரண்டு மாதமாகப் பத்திரப்படுத்தியிருந்தார்களாம். எனக்கு அது முன்பே தெரியும். ஏரி மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறதே, அதற்கென்ன என்று நானும் தடை சொல்லவில்லை.

ஒரே ஓர் அணுகுண்டுதான் வெடித்தது. கிராமத்து நிசப்தத்தில் அது பட்டணத்துச் சத்தத்தைப் போல் பத்து மடங்கு கேட்டது. கால்மணி நேரத்துக்கெல்லாம் தோப்பு வாசலில் ஒரு கைவிளக்கு வெளிச்சம் தெரிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார்.

"பட்டணத்திலிருந்து வந்தவங்களா? சத்தம் கேட்டுது, அதான் வந்தேன்."

"குழந்தைகள், ஐயா, ஏதோ விளையாட்டாக..." என்று நான் தடுமாறினேன்.

"கொளந்தைங்கதானே, தப்பில்லே" என்று சொல்லிவிட்டு, ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாயிருந்திருக்கும். "எனக்கு எளுபத்திரண்டு வயசு ஆவுது, தம்பி. எங்க ஊர்லே தீவாளிக்கு நான் வெடி வெடிச்சதில்லே. எங்கப்பாரும் வெடிச்சதில்லே."

"ஒரு தடவைகூடவா, தாத்தா?" என்று என் பிள்ளை கேட்டான்.

"தலைத் தீவாளிக்கு மாமியார் வூட்டுக்குப் போனேன். அங்கே ஒண்ணு கொடுத்தாங்க. கொளுத்தினேன். கை நடுங்கிப் போச்சு. மச்சானெல்லாம் சிரிச்சாங்க."

பையன்கள் சிரிக்கவில்லை. பெரியவர் விஷயத்தைச் சொன்னார். இரவில் சத்தம் கேட்டால் கூட்டில் இருக்கும் பறவை அரண்டு எழும்புமாம். குஞ்சு நிலை தவறிக் கீழே விழுமாம். விடிந்ததும் கரைப்பக்கம் போய்க் கீழே கிடப்பது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது அவர் இளவயதிலிருந்து வழக்கமாம். "இவ்ளோ தூரத்துக்குக் கேட்டிருக்காது. இருந்தாலும் இன்னிக்கு இங்கே ஒண்ணு வெடிச்சா, நாளைக்கு இன்னொருத்தரு கிட்டே வந்து வெடிப்பாரு இல்லீங்களா?" என்றார்.

என் தாயார் காப்பி கொடுத்தார். வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லி, மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார். அந்தச் சமயம் பார்த்து வக்கீல் நண்பர், தாம் இந்தப் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்ததன் அந்தரங்கக் காரணத்தை வெளியிட்டார்.

"இந்தப் பக்கத்தில் நிலம் என்ன விலை போகிறது, பெரியவரே? சின்னதாக ஒரு பண்ணை வீடு கட்டலாம் என்று எண்ணம். சனி ஞாயிறு வந்து போகத்தான்."

பெரியவர் விலை சொல்லவில்லை. "தண்ணிக்கு?" என்று கேட்டார்.

"ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொள்வது."

"வெளக்கு?"

"சுற்றிலும் நல்ல வெளிச்சமாகப் போட்டால்தானே பத்திரம்?"

"சிநேகிதக்காரங்க வருவாங்க?"

"வராமல் என்ன! அவர்களுக்காகத்தானே."

"பாட்டு கீட்டு வைப்பாங்க" என்றார் பெரியவர், கேள்வியாக அல்ல. பிறகு, "நல்லது" என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தார். கைவிளக்கு வெளிச்சம் வரப்பின்மேல் ஆடிக்கொண்டே போயிற்று. அன்றிரவு கூடாரத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. கொசுக்கள் பேசின.

2020-ல் அந்த 5 கிலோமீட்டர் எல்லைக்குள் பாதுகாப்பின் அளவை மாற்றியமைக்கும் யோசனை ஒன்று எழுந்து, மாகாணம் முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். அப்போது நானும் தொழிற்சாலைகளைக் கண்டித்துச் சூடாகப் பேசியவன். எங்களைப் போன்ற சனி ஞாயிறு யாத்திரிகர்கள் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் வருவோம் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உத்தரமேரூர் சென்றோம். வழியெங்கும் கதிர் முற்றிய நெல் வயல்கள். ஊர் நடுவே வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் மண்டபச் சுவரில்தான் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுக்கள், கி.பி. 919, 921-ம் வருஷத்தவை, வெட்டப்பட்டிருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, கபடமறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் சொன்னார்கள். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். பதவி 360 நாள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்தப் பக்கம் வரக்கூடாது. இது பிராமணச் சபையின் ஏற்பாடு. வேதம் கற்றவர்களுக்கே இடம். ஸ்திரீகளுக்கும், அந்த நிலத்தில் உழைத்தவர்களுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. இதை விட்டுவிட்டு வெறும் பெருமை பேசுவது சரியல்ல.

ஆயினும் சட்ட நுணுக்கம் அபாரம்! வக்கீல் நண்பர் அங்கே வழிகாட்டியின் விளக்கத்தைக் கேட்டு மெய்ம்மறந்து நின்றார். கணக்குக் காட்டாதவன் நிற்கக்கூடாது. அவனுடைய மாமன், மாமனார், மருமகன், சகோதரியின் கணவன் ஒருவரும் நிற்கக்கூடாது. "இதை இன்று அமல் நடத்தினால் தேர்தலே நடக்காது, சார்!" என்றார். பிறகு வாரியங்களின் விவரம் வந்தது. சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு. ஏரி வாரியத்துக்கு ஆறு. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு தனி வாரியம்! ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், ஊரில் செய்யவேண்டிய காரியம் என்று உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு அது நினைவு வந்திருக்கிறது. நண்பர் அந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. சுவரையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் படாளத்தருகே கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். பட்டாசுப் பெட்டி பிரிக்கப்படாமலே பின்னால் கிடந்தது.

புதன்கிழமையன்று வக்கீல் நண்பர் டெலிபோனில் கூப்பிட்டார். நிலம் விசாரித்தீர்களா என்று கேட்டேன்.

"விசாரித்தேன். வில்லங்கம் இருக்கிறது, சார்."

"என்ன வில்லங்கம்? அடமானமா?"

"அதெல்லாமில்லை. பக்கத்தில் ஆயிரக்கணக்கில் குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள். வெகுகால அனுபோக பாத்தியதை. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தால் நம் கேஸ் நிற்காது" என்றார்.

வருகிற மாசியில் பக்கத்திலேயே உள்ள கரிக்கிலி ஏரிக்குப் போய்வருவதென்று ஏற்பாடு. கூடாரம் அவர் வீட்டில் இருக்கிறது. என் தாயார் இந்தத் தடவை கொசுவலை கொண்டுவரப் போகிறாராம்.